மரபுவழி மடக்குக் கத்திகள்: அன்றாடம் வைத்துக்கொள்வதற்கும் சேகரிப்பதற்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

மடக்குக் கத்திகளைச் சேகரிக்க விரும்பும் பலர், நான்கைந்து கத்திகளை ஒரே மாதத்தில் வாங்கிப் பெட்டியில் அடுக்கிவிட்டு, அவற்றில் எது தமக்கு உகந்தது என்று தெரியாமலேயே அடுத்ததைத் தேடத் தொடங்குகிறார்கள். இந்த வழிகாட்டி வேறொரு வரிசையைப் பரிந்துரைக்கிறது. முதலில் ஒரே ஒரு கத்தியைத் தேர்ந்து, அதைச் சில மாதங்கள் சட்டைப்பையில் வைத்துப் பழங்களுக்கும் கயிறுக்கும் பொட்டலங்களுக்கும் பயன்படுத்தி, தீட்டவும் துடைக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தப் பழக்கத்திலிருந்து பிறக்கும் அறிவைக் கொண்டே சேகரிப்பு வளர வேண்டும். கையில் புழங்கிய ஒரு கத்தியின் குறைநிறைகளை அறிந்தவருக்குத்தான் மற்றொரு கத்தியை மதிப்பிடும் கண் வாய்க்கிறது என்பது என் உறுதியான கருத்து.

மரபுவழிக் கத்தி என்று இங்கே நான் குறிப்பிடுவது, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன், பிரான்சின் தியேர் ஆகிய ஊர்களில் உருப்பெற்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடிபெயர்ந்த கைவினைஞர்களோடு அமெரிக்காவுக்கும் சென்ற சிறு மடக்குக் கத்திகளை. விசையை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்திகளும், ஒரு கையால் சொடுக்கித் திறக்கும் நவீன வகைகளும் இந்தக் கட்டுரையின் எல்லைக்குள் வரமாட்டா.

முதற்படி: கத்தியின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

இவ்வகைக் கத்திகளில் பெரும்பாலானவை ஸ்லிப்ஜாயிண்ட் என்னும் அமைப்பைச் சேர்ந்தவை. இதில் அலகைத் திறந்த நிலையில் நிறுத்துவது பூட்டு அன்று. கைப்பிடியின் முதுகில் நீளவாக்கில் அமைந்திருக்கும் எஃகுப் பட்டை ஒன்று, அதாவது ஸ்பிரிங், வில்லைப் போல வளைந்து, அலகின் அடிப்பகுதியை அழுத்திக்கொண்டே இருக்கிறது. அலகைத் திறக்கும்போது அந்தப் பட்டை சற்றே மேலெழும்பி, முழுத் திறப்பில் மீண்டும் தன் இடத்தில் படிகிறது. பட்டையின் இருபுறமும் பித்தளை அல்லது எஃகாலான உட்தகடுகள், அவற்றின்மேல் எலும்பு, மரம், கொம்பு அல்லது செயற்கைப் பொருளாலான கைப்பிடிப் பட்டைகள், இரு முனைகளிலும் உலோகக் காப்புகள், இவை எல்லாவற்றையும் இணைக்கும் ஆணிகள் என்பதே முழுக் கட்டமைப்பு. அலகின் பக்கவாட்டில் உள்ள சிறிய பிறை வடிவப் பள்ளத்தில் நகத்தை வைத்துத் திறக்க வேண்டும்.

பூட்டு இல்லை என்பதை மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். கூர்ப்பக்கத்தை நோக்கி அழுத்தம் செல்லும்வரை கத்தி பாதுகாப்பானது. அலகின் முதுகில் அழுத்தம் விழுந்தால் அது விரல்களின் மேலேயே மடங்கும். எனவே குத்தித் துளையிடுதல், நெம்புதல், திருகுதல் ஆகிய வேலைகளுக்கு இக்கத்தியை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

ஸ்பிரிங் இல்லாமல் உராய்வை மட்டுமே நம்பும் வகைகளும் உண்டு. ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில் உள்ள மிகி நகரத்தில் 1890-களில் தோன்றிய ஹிகோனோகாமி அத்தகையது. மடித்த உலோகத் தகடே அதன் கைப்பிடி. அலகின் பின்னால் நீண்டிருக்கும் சிறு நெம்புகோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால்தான் அலகு திறந்தபடி நிற்கும். அழகும் எளிமையும் கொண்ட கத்திதான். ஆயினும் முதல் கத்தியாக அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இரண்டாம் படி: சட்டத்தை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள்

இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுடைய கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டுப் பயன்பாடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காக வடிவமைக்கப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. மரபுவழி மடக்குக் கத்தியின் அலகு பெரும்பாலும் 5 முதல் 9 செ.மீ. நீளமே இருக்கும் என்பதால் இந்த வரம்புக்கு வெகுதூரம் கீழேயே நிற்கிறது. ஆனால் இதை எங்கும் எடுத்துச் செல்லலாம் என்பதற்கான அனுமதியாகக் கொள்ளக் கூடாது. விமானத்தில் கைப்பையில் கத்தி வைக்க இயலாது. ஒப்படைக்கும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். நீதிமன்றம், மெட்ரோ நிலையம் எனச் சோதனை நடக்கும் இடங்களுக்குச் செல்லும் நாளில் கத்தியை வீட்டிலேயே வைத்துவிடுவது நல்லது. பொத்தானை அழுத்தித் திறக்கும் கத்திகளை வாங்கவே வேண்டாம்; அவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உள்ள இடங்கள் இருக்கின்றன.

இங்கிலாந்தில் வாழும் வாசகர்கள் 1988-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139-ஆம் பிரிவை அறிந்திருக்க வேண்டும். மடங்கக்கூடியதாகவும், பூட்டு இல்லாததாகவும், கூர்விளிம்பு 3 அங்குலத்தை, அதாவது 7.62 செ.மீ.யை மிகாததாகவும் உள்ள கத்தியைத் தனிக் காரணம் காட்டாமலேயே பொது இடத்தில் வைத்திருக்க அது இடமளிக்கிறது. பூட்டிக்கொள்ளும் அலகு இந்த விலக்குக்குள் வராது. மற்ற நாடுகளில் வாழ்பவர்கள் தங்கள் நாட்டின் விதிகளைப் படித்தறிந்த பின்னரே கத்தியை வாசலுக்கு வெளியே எடுத்துச் செல்ல வேண்டும்.

மூன்றாம் படி: முதல் கத்தியைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தால் தவறாது. முதலாவது, பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890-இல் வடிவமைத்த ஒப்பினெல் கத்தி. 1897-இல் 1 முதல் 12 வரை எண்ணிட்ட அளவுகளில் அது வெளிவந்தது. அவற்றுள் 8-ஆம் எண், 8.5 செ.மீ. அலகோடு, இன்றுவரை மிகுதியாகப் புழங்குகிறது. பீச் மரத்தாலான உருண்டைக் கைப்பிடியும் மெல்லிய அலகும் கொண்ட இக்கத்தி, விலையைப் பார்த்தால் நம்ப முடியாத அளவுக்கு நன்றாக வெட்டும். அலகின் அடியில் திருகிப் பூட்டும் எஃகு வளையம் 1955-இல் சேர்க்கப்பட்டது. 2 முதல் 5 வரையான சிறிய எண்களில் வளையம் இல்லை. மழைக்காலத்தில் மரம் ஈரத்தால் ஊதி அலகை இறுக்கிக்கொள்வது இதன் இயல்பு. அப்போது கைப்பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் தட்டினால் அலகின் நுனி வெளியே எட்டிப் பார்க்கும். சவோய் மக்கள் இப்படித்தான் திறக்கிறார்கள்.

இரண்டாவது, சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரைச் சேர்ந்த விக்டோரினாக்ஸ். கார்ல் எல்ஸனர் 1884-இல் தொடங்கிய பட்டறை 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி வழங்கியது. 1897-இல் அதிகாரிகளுக்கான கத்தி பதிவு செய்யப்பட்டது. ஒரே ஸ்பிரிங் இருபுறமும் உள்ள கருவிகளைத் தாங்கும் வகையில் அதை அமைத்ததே அவருடைய பெரும் நுட்பம். பலர் இதை மரபுவழிக் கத்தியாகக் கருதுவதில்லை. நான் கருதுகிறேன், இதுவும் முழுமையான ஸ்லிப்ஜாயிண்ட்தான். அலுமினியக் கைப்பிடி கொண்ட 84 அல்லது 93 மி.மீ. வகை, சட்டைப்பையில் தட்டையாகக் கிடக்கும்.

மூன்றாவது, அமெரிக்க வடிவங்கள். அவற்றுள் ஸ்டாக்மேன் என்னும் மூன்றலகுக் கத்தியை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரு தொழிலின் தேவைகள் ஒரு கத்தியின் வடிவமாக எப்படி மாறுகின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை. கால்நடை வளர்ப்போருக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருவான இக்கத்தியில், நுனிப்பக்கம் முதுகு குழிவாகச் சீவப்பட்ட நீண்ட அலகு ஒன்று பொது வேலைகளுக்கும், நேரான கூரும் வளைந்திறங்கும் முதுகும் கொண்ட இரண்டாவது அலகு பலகைமேல் வைத்து வெட்டுவதற்கும், மழுங்கிய நுனியுடைய மூன்றாவது அலகு கன்றுகளுக்குக் காயடிப்பதற்கும் அமைந்தன. விலங்கு துள்ளினாலும் தோலில் குத்தாதிருக்கவே அந்த நுனி மழுக்கப்பட்டது. இன்று நகரவாசி அதே அலகால் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே இருக்கும் துணி கிழிவதில்லை. பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டு நகரில் இயங்கும் டபிள்யூ.ஆர். கேஸ் நிறுவனத்தின் நடுத்தர ஸ்டாக்மேன் மூடிய நிலையில் சுமார் 9.2 செ.மீ. நீளம் கொண்டது. அதே நிறுவனத்தின் பீநட் சுமார் 7.3 செ.மீ.; இரண்டு நீண்ட அலகுகள் கொண்ட டிராப்பர் சுமார் 10.5 செ.மீ. மெல்லிய துணிக் கால்சட்டை அணிபவருக்கு டிராப்பர் கனமாகத் தோன்றும்.

எஃகைப் பொறுத்தவரை ஒரே கேள்விதான்: கார்பன் எஃகா, ஸ்டெயின்லெஸ் எஃகா? கார்பன் எஃகு எளிதில் தீட்டப்படும், நுண்ணிய கூரை ஏற்கும், ஆனால் துடைக்காமல் விட்டால் துருப்பிடிக்கும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் வியர்வை ஈரமும் உப்புக் காற்றும் சேர்ந்து ஒரே இரவில் செம்புள்ளிகளை உண்டாக்கிவிடும். அவ்வூர்களில் வாழ்வோர் முதல் கத்தியை ஸ்டெயின்லெஸ் எஃகில் வாங்கி, பராமரிக்கும் பழக்கம் படிந்த பின் கார்பன் எஃகுக்கு மாறுவது நலம்.

நான்காம் படி: வாங்கும்போது சோதியுங்கள்

கத்தியைக் காதருகே வைத்து மெதுவாகத் திறந்து மூடுங்கள். நல்ல ஸ்பிரிங் அலகைத் தானாகவே இழுத்துக்கொண்டு, தெளிவான ஒரு சொடுக்கோடு இடத்தில் அமர்த்தும். சேகரிப்பாளர்கள் ‘வாக் அண்ட் டாக்’ என்று பாராட்டுவது இதைத்தான். சில கத்திகள் பாதித் திறப்பில், 90 பாகையில், ஒருமுறை நின்று செல்லும். அது குறையன்று, அலகின் அடிப்பகுதி சதுரமாக அமைந்திருப்பதன் விளைவு. நகம் வலிக்கும் அளவுக்கு இறுக்கமான ஸ்பிரிங்கை, மற்ற எல்லாம் அழகாக இருந்தாலும், அன்றாடப் பயன்பாட்டுக்கு வாங்காதீர்கள்.

அடுத்து, அலகைத் திறந்து பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது. கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், ஸ்பிரிங்குக்கும் உட்தகட்டுக்கும் இடையே ஒளிக்கீற்று தெரியாதிருப்பதே நல்ல வேலைப்பாட்டின் அடையாளம். மூடிய நிலையில் அலகு உட்தகடுகளில் உரசுகிறதா என்றும், நுனி கைப்பிடிக்குள் முழுதும் மறைகிறதா என்றும் பாருங்கள். நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சட்டைப்பையும் விரலும் கிழியும்.

ஐந்தாம் படி: அன்றாடம் உடன் வைத்துக்கொள்ளுங்கள்

சாவிகளும் நாணயங்களும் கிடக்கும் பையில் கத்தியைப் போடாதீர்கள். கைப்பிடியும் காப்புகளும் கீறிப்போகும். தனிப்பையோ, பைக்குள் செருகும் மெல்லிய தோலுறையோ போதும். கத்தியை இரண்டு கைகளால் திறந்து, இரண்டு கைகளால் மூடுங்கள். மூடும்போது அலகைக் கடைசிவரை விரலால் வழிநடத்துங்கள். தானாகச் சொடுக்கி விழ விட்டால் சில கத்திகளில் கூர்விளிம்பு உள்ளே ஸ்பிரிங்கின் மேல் மோதி மழுங்கும்.

கத்தியைப் பொது இடத்தில் எடுக்கும்போது சுற்றியிருப்போரை எண்ணிப் பாருங்கள். வேலை தொடங்கும்போது எடுத்து, முடிந்ததும் மடக்கி வைத்துவிட வேண்டும். பேருந்திலும் கூட்டத்திலும் பொழுதுபோக்காகத் திறந்து மூடிக்கொண்டிருப்பது மற்றவர்களை அச்சுறுத்தும் செயல். ஒருவருக்குக் கத்தியைக் கொடுப்பதென்றால் மடக்கிய நிலையில் கொடுங்கள்.

எலுமிச்சை, மாங்காய், தக்காளி ஆகியவற்றை வெட்டியவுடன் அலகை நனைத்துத் துடைத்து உலர்த்துங்கள். கார்பன் எஃகு இப்படிப் புழங்கும்போது சாம்பலும் நீலமும் கலந்த படலம் ஒன்று அலகின்மேல் படியும். அதைத் தேய்த்து எடுக்க வேண்டாம். செந்துருவை ஓரளவு தடுப்பதும் அதுவே, ஒவ்வொரு கத்திக்கும் தனி முகத்தைத் தருவதும் அதுவே. செம்பழுப்பு நிறத்தில் பொடிபோல உதிர்வது மட்டுமே துரு. அதை எண்ணெய் தொட்ட மென்துணியால் உடனே அகற்ற வேண்டும்.

ஆறாம் படி: தீட்டக் கற்றுக்கொள்ளுங்கள்

அன்றாடக் கூருக்கு 1000 எண் கொண்ட ஒரு நீர்த் தீட்டுகல் போதும்; எண் கூடக் கூடக் கல் நுண்மையாகும். விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தால் மட்டுமே 400 எண் தேவைப்படும். ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 பாகைச் சாய்வு பொருந்தும். கோணமானி இல்லாமல் இதைக் கணிக்க ஒரு வழி உண்டு: அலகின் அகலம் 16 மி.மீ. என்றால், கல்லிலிருந்து முதுகை 4 மி.மீ. உயர்த்தினால் சுமார் 15 பாகை, 5.5 மி.மீ. உயர்த்தினால் சுமார் 20 பாகை.

சாய்வை மாற்றாமல், அடிமுதல் நுனிவரை, மிதமான அழுத்தத்தோடு ஒரு பக்கத்தை மட்டும் தீட்டிக்கொண்டே இருங்கள். மறுபக்க விளிம்பில், அதன் முழு நீளத்துக்கும், விரல் நுனியில் தட்டுப்படும் மெல்லிய பிசிறு எழுந்த பிறகே அடுத்த பக்கத்துக்கு மாற வேண்டும். தீட்டியும் கூர் ஏறவில்லை என்று வருந்துவோர் பெரும்பாலும் இந்தப் பிசிறு எழுவதற்கு முன்பே கத்தியைத் திருப்பிவிடுகிறார்கள். இரு பக்கமும் முடிந்ததும் அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து, பக்கத்துக்கு ஒருமுறை என மாற்றி மாற்றி இழுத்துப் பிசிறைக் களையுங்கள். கடைசியில் தோல் பட்டையில், கூருக்கு எதிர்த்திசையில் பின்னோக்கி இழுத்தால் கூர் வழவழப்பாகும். அதன்பின் கூர் சற்றுக் குறையும்போதெல்லாம் தோல் பட்டையே போதும். கல்லுக்கு அடிக்கடி செல்ல வேண்டியதில்லை.

சுழலும் உலர் சாணையில் இவ்வகைக் கத்தியைக் கொடுக்க வேண்டாம். மெல்லிய விளிம்பு சில நொடிகளிலேயே சூடேறும். கார்பன் எஃகில் நீல நிறம் தோன்றினால் வெப்பம் ஏறத்தாழ 300 பாகை செல்சியஸைத் தொட்டுப் பதம் போய்விட்டது என்று பொருள். மேலும், ஒவ்வொரு முறையும் சாணை தின்னும் எஃகின் அளவு, கையால் பல ஆண்டுகள் தீட்டினாலும் தேயாத அளவு.

ஏழாம் படி: சுத்தமும் எண்ணெயும்

பையில் சேரும் பஞ்சும் தூசும் கத்தியின் உள்ளே ஈரத்தைத் தேக்கும். மாதம் ஒருமுறை குச்சியில் சுற்றிய பஞ்சால் உள்ளே துடைத்து, அலகு சுழலும் ஆணியில் ஒரு துளி எண்ணெய் விட்டு, பல முறை திறந்து மூடுங்கள். கறுப்பாக வெளிவருவதைத் துடைத்தெடுங்கள். உணவை வெட்டும் கத்திக்கு, உண்ணத்தக்க தரமுள்ள கனிம எண்ணெயே சிறந்தது. சமையல் எண்ணெய்கள் நாளடைவில் சிக்குப்பிடித்து ஒட்டும். தையல் இயந்திர எண்ணெயும் அலகை எளிதாகச் சுழலவிடும், ஆனால் அது உணவுக்கு உரியதன்று. எலும்பு, கொம்பு, மரக் கைப்பிடிகளை நீரில் ஊறவைக்காதீர்கள்.

எட்டாம் படி: சேகரிப்பைத் தொடங்குங்கள்

ஒரு கத்தியோடு நன்கு பழகிய பின், எல்லாவற்றையும் சேர்க்க முயலாமல் ஒரு வரம்பை வகுத்துக்கொள்ளுங்கள். ஒரே வடிவத்தைப் பல தயாரிப்பாளர்களிடமிருந்து சேர்ப்பது, ஒரே ஊரின் கத்திகளைச் சேர்ப்பது, ஒரு நிறுவனத்தின் ஒரு காலகட்டத்தை மட்டும் சேர்ப்பது ஆகிய மூன்றும் நல்ல வரம்புகள். முதலாவதை நான் மிகவும் விரும்புகிறேன். ஒரே ஸ்டாக்மேனை ஷெஃபீல்டும் சோலிங்கனும் பென்சில்வேனியாவும் எப்படி வெவ்வேறாகச் செய்தன என்று அருகருகே வைத்துப் பார்ப்பதில் கற்க வேண்டியது ஏராளம்.

பழைய கத்தியின் காலத்தை அறிய அலகின் அடிப்பகுதியில் பொறித்த முத்திரையைப் படிக்க வேண்டும். கேஸ் நிறுவனத்தின் முத்திரை இதற்குச் சிறந்த பாடம். 1965 முதல் 1969 வரை முத்திரையில் யு.எஸ்.ஏ. என்ற எழுத்துகள் சேர்ந்தன. 1970-இல் அதன் கீழே பத்துப் புள்ளிகள் இட்டு, ஆண்டுக்கு ஒரு புள்ளி வீதம் குறைத்து வந்தார்கள். ஆகவே அந்தப் பத்தாண்டின் முத்திரையில் ஏழு புள்ளிகள் இருந்தால் அது 1973, ஒரே புள்ளி இருந்தால் 1979. அதே நிறுவனத்தின் வடிவ எண்ணும் பேசும்: 6318 என்பதில் 6 செதுக்கு வேலை செய்த எலும்புக் கைப்பிடியையும், 3 அலகுகளின் எண்ணிக்கையையும், 18 வடிவத்தையும் குறிக்கின்றன.

ஷெஃபீல்டு கத்திகளுக்கு வேறு தடயங்கள் உள்ளன. இறக்குமதிப் பொருள்களில் உற்பத்தி நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டுச் சுங்கவரிச் சட்டம் விதித்ததால், ‘இங்கிலாந்து’ என்ற சொல் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்ட கத்தி பெரும்பாலும் 1891-க்குப் பிந்தையது. ஸ்டெயின்லெஸ் என்று பொறித்திருந்தால், ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் 1913-இல் அந்த எஃகை உருவாக்கியதற்குப் பிந்தையதாகத்தான் இருக்க முடியும். பிரான்சின் மரபுவழிக் கத்தி வகையான லாகியோலின் பெயரையும் ஸ்பிரிங்கின் மேலுள்ள தேனீ உருவத்தையும் மட்டும் நம்பி எதையும் வாங்காதீர்கள்; பல நாடுகளில் செய்யப்படும் கத்திகள் அவற்றைத் தாங்கி வருகின்றன. தயாரிப்பாளரின் பெயரைக் கேட்டறிவதே சரி.

கைப்பிடிப் பொருளிலும் கவனம் வேண்டும். ஷெஃபீல்டும் அமெரிக்காவும் நெடுங்காலம் பயன்படுத்திய மான்கொம்புகளில் பெரும்பகுதி இந்தியக் கடமானின் கொம்பு. அதன் ஏற்றுமதி 1990-களின் இறுதியில் தடைசெய்யப்பட்டது. கடமான் கொம்பு, தந்தம், ஆமையோடு ஆகியவற்றாலான கைப்பிடிகள் இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் சிக்கலை வரவழைக்கும் என்பதால், அவற்றைத் தவிர்த்து மாட்டெலும்பு, மரம் ஆகியவற்றை நாடுங்கள்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த, பளபளக்கும் வண்ணக் கைப்பிடிகள் பல செல்லுலாய்டால் ஆனவை. இப்பொருள் காலப்போக்கில் சிதைந்து அமில ஆவியை வெளியிடும். அந்த ஆவி அக்கத்தியை மட்டுமன்றி அதே பெட்டியில் உள்ள மற்ற எல்லாக் கத்திகளையும் அரித்துவிடும். கைப்பிடியில் நுண்விரிசல், ஆணிகளைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, காரமான வாடை, கைப்பிடியை ஒட்டிய இடத்தில் மட்டும் திடீர்த் துரு ஆகியவை அறிகுறிகள். அத்தகைய கத்தியை உடனே பிரித்து, காற்றோட்டமான இடத்தில், எளிதில் தீப்பற்றும் பொருள் என்ற நினைவோடு வையுங்கள். மற்ற கத்திகளையும் நீண்டகாலம் தோலுறைக்குள் வைக்க வேண்டாம். தோலைப் பதனிடும் உப்புகளும் அது ஈர்க்கும் ஈரமும் எஃகைக் கெடுக்கும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, பருத்தித் துணி, ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல், இறுக மூடும் பெட்டி ஆகிய நான்கும் நம் தட்பவெப்பத்துக்குப் போதும்.

ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு கத்தியின் முத்திரை, வடிவம், நீளம், வாங்கிய நாள், விலை, வாங்கும்போது இருந்த குறைகள் ஆகியவற்றைப் புகைப்படத்தோடு பதிவு செய்யுங்கள். எந்தப் பழங்கத்தியையும் மின் சுழல்பஞ்சில் மெருகேற்றாதீர்கள். முத்திரையின் எழுத்துகளும் விளிம்புகளின் கூர்மையும் தேய்ந்து, அதன் வரலாறும் மதிப்பும் ஒருசேரக் குறையும். ஒருமுறைகூடத் தீட்டப்படாமல், தொழிற்சாலையின் கூரோடு கிடைத்த பழங்கத்தியை அப்படியே விட்டுவிடுங்கள். அதே வடிவத்தில், பிறர் கையில் நன்கு தேய்ந்து, ஆனால் ஸ்பிரிங் உறுதியாக இருக்கும் மற்றொன்று குறைந்த விலையில் கிடைக்கும். அதைச் சுத்தம் செய்து, தீட்டி, சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.